மேடைக்குப் பின்னால் நிற்கும் அதிகாரம்: திருப்பதியில் கூடிய நால்வர் முதல் வைஸ்ராய் ஹோட்டல் வரை

1963 அக்டோபர் தொடக்கத்தில் காங்கிரஸ் கட்சியின் நான்கு முக்கியத் தலைவர்கள் திருப்பதியில் கூடிப் பேசினார்கள். சென்னை மாநில முதல்வர் பதவியை அப்போதுதான் துறந்திருந்த காமராஜர், ஆந்திர முதல்வர் நீலம் சஞ்சீவ ரெட்டி, மைசூர் முதல்வர் நிஜலிங்கப்பா, மேற்கு வங்கக் காங்கிரஸைக் கையில் வைத்திருந்த அதுல்யா கோஷ் ஆகியோரே அந்த நால்வர். நேருவின் உடல் தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவருக்குப் பின் யார் என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது. மொரார்ஜி தேசாய் வரக் கூடாது, லால் பகதூர் சாஸ்திரி வரலாம் என்ற எண்ணம் திருப்பதியில் உருப்பெற்றது. எட்டு மாதங்களில் சாஸ்திரி பிரதமரானார்.

அந்த நால்வரில் ஒருவரும் பிரதமர் பதவி கேட்கவில்லை. அவர்கள் கூடியது கட்சியின் செயற்குழுவாகவும் அல்ல, நாடாளுமன்றக் கட்சியாகவும் அல்ல. அங்கே பேசியதற்கு நாம் அறிந்த சான்றெல்லாம் பங்கேற்றவர்களும், அவர்களை அறிந்த பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் பின்னாளில் சொன்னவை. ஆனாலும் நாற்பத்தைந்து கோடி மக்களின் அடுத்த பிரதமரைத் தீர்மானிப்பதில் அந்தச் சந்திப்புக்குப் பங்கு உண்டு. சிண்டிகேட் என்று இந்திய அரசியல் பின்னர் அழைத்த குழுவின் பிறந்த ஊர் திருப்பதி என்று சொல்வது மிகையாகாது.

மேடையில் தெரிகிறவருக்கும் முடிவெடுக்கிறவருக்கும் இடையே உள்ள இந்த இடைவெளிதான் இக்கட்டுரையின் பொருள். ஜப்பானில் இதைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக எழுதியும் விவாதித்தும் வருகிறார்கள். நம்மிடம் பேச்சு நிறைய உண்டு, ஒழுங்கான பரிசீலனை குறைவு. அதற்குத் திருப்பதியும் சித்தூரும் நல்ல களம். ஒரு மாவட்ட எல்லைக்குள்ளேயே (திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான்) இந்த அதிகாரத்தின் எல்லா வகைகளோடும் தொடர்புடைய இடங்களும் மனிதர்களும் இங்கே உண்டு.

மூன்று முதல்கள்

பதவியில் இல்லாத ஒருவர் பதவியில் இருப்பவரை எப்படி ஆட்டுவிக்கிறார்? வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர் கையில் மூன்று முதல்களில் ஒன்றாவது இருப்பது தெரிகிறது.

முதலாவது நம்பிக்கை. இவர் தனக்காகக் கேட்கவில்லை என்று எல்லாத் தரப்பும் நம்பினால், போட்டியாளர்கள் அவரையே நடுவராக ஏற்றுக்கொள்வார்கள். இரண்டாவது எண்ணிக்கை. எத்தனை எம்.எல்.ஏ., எத்தனை எம்.பி. யார் பக்கம் என்பதைத் தலைவரைவிடத் துல்லியமாக அறிந்தவர், அவர்களை ஓரிடத்தில் கட்டிக்காக்கவும் தெரிந்தவர், தலைவரையே மாற்றிவிடலாம். மூன்றாவது கொடுக்கும் கை. தேர்தல் செலவுக்குப் பணம், போட்டியிட டிக்கெட், வாரியப் பதவி, சிபாரிசுக் கடிதம் என்று கொடுக்க முடிந்தவரிடம் வாங்கியவர்கள் கடன்பட்டு நிற்பார்கள்.

காமராஜர் முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆந்திரத்தின் 1984, 1995 நெருக்கடிகள் இரண்டாம் வகை. மூன்றாம் வகைக்கு ஜப்பானே பாடநூல். திருமலையைச் சுற்றி நடக்கும் அரசியலிலும் அதன் சாயல் உண்டு.

திருப்பதி, 1963

அந்தச் சந்திப்புக்கு முந்தைய மாதங்களைப் பார்த்தால்தான் அதன் எடை புரியும். 1963 ஆகஸ்டில் காமராஜர் திட்டம் ஏற்கப்பட்டது. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். மொரார்ஜி தேசாய், சாஸ்திரி, ஜகஜீவன் ராம், எஸ்.கே. பாட்டீல் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும், காமராஜர் உள்ளிட்ட ஆறு முதல்வர்களும் விலகினார்கள். காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 அன்று காமராஜர் முதல்வர் நாற்காலியை விட்டிறங்கினார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஒருவர், தோற்காமலும் யாரும் துரத்தாமலும் தானே இறங்கியது அன்றைய இந்தியாவை அசைத்தது. பதவியை விட்டவர் என்ற அந்தப் பெயரே பதவி கொடுக்கும் தகுதியை அவருக்குத் தந்தது.

சந்திப்புக்குத் திருப்பதி பொருந்தியதற்கு அதன் இருப்பிடமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணம். பெங்களூரிலிருந்தும் ஒரே பகலில் வந்துவிடலாம். சஞ்சீவ ரெட்டிக்குச் சொந்த மாநிலம், சொந்த ராயலசீமை. முதல்வர் ஒருவர் ஏழுமலையானைச் சேவிக்க வந்தார் என்றால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இன்றும் ஆட்சி மாறும் காலத்தில் தலைவர்கள் திருமலைக்கு வரிசையாக வருகிறார்கள். எது பிரார்த்தனை, எது பேச்சுவார்த்தை என்று வெளியாள் பிரித்தறிய முடியாத ஊர் இது.

1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் காமராஜர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அங்கேதான் நேருவுக்குப் பக்கவாதம் கண்டது. மே 27 அன்று நேரு காலமானார். குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமரானார். அடுத்த ஐந்தாறு நாட்களில் காமராஜர் செய்த வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

கட்சியின் ஒருமித்த கருத்தை அறிந்து சொல்லும் பொறுப்பைச் செயற்குழு அவரிடம் ஒப்படைத்தது. எம்.பி.க்களையும் முதல்வர்களையும் அவர் ஒருவர் பின் ஒருவராகச் சந்தித்தார். கேட்டுக்கொண்டார். தன் மனத்தைத் திறக்கவில்லை. 'ஆகட்டும், பார்க்கலாம்' என்ற அவருடைய பேச்சுவழக்கைத் தமிழ்நாடு ஏற்கெனவே அறிந்திருந்தது, தில்லி அப்போது அறிந்தது. வாக்குச்சீட்டு இல்லை. எத்தனை பேர் யாருக்குச் சாதகம் என்ற எண்ணிக்கைப் பட்டியல் வெளியிடப்படவில்லை. அறிவிக்கப்பட்டது ஒரு பெயர் மட்டுமே. ஜூன் 2 அன்று நாடாளுமன்றக் கட்சிக் கூட்டத்தில் சாஸ்திரியின் பெயரை நந்தா முன்மொழிய, மொரார்ஜி வழிமொழிந்தார். யாரைத் தடுப்பதற்காகத் திருப்பதியில் பேசினார்களோ அவரே வழிமொழியும்படி காரியம் முடிந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் தலைமை மாற்றம் ஒரு கல்வீச்சும் இல்லாமல் நடந்தது.

இதில் காமராஜரின் பெருமையைக் குறைக்க ஒன்றுமில்லை. அவர் பணம் கொடுக்கவில்லை, மிரட்டவில்லை, தனக்கென எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தபோது பிரதமர் பதவி அவருக்கே வந்திருக்கலாம். இந்தியும் ஆங்கிலமும் தெரியாமல் எப்படி என்று சொல்லி ஒதுங்கினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அந்த முறை மொரார்ஜி விட்டுக்கொடுக்காமல் வாக்கெடுப்பு கேட்டார். இந்திரா காந்தி 355 வாக்கும் மொரார்ஜி 169 வாக்கும் பெற்றார்கள். என் பார்வையில் இந்த இரண்டாவது தேர்வே நேர்மையானது. தோற்றவர் தனக்கு எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டார், வென்றவரும் தெரிந்துகொண்டார், நாடும் தெரிந்துகொண்டது.

நடுவர்கள் வீழ்ந்த விதம்

சிண்டிகேட்டின் காலம் நீளவில்லை. 1967 பொதுத்தேர்தலில் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் தி.மு.க. மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். பம்பாயின் முடிசூடா மன்னராக இருந்த எஸ்.கே. பாட்டீலை ஜார்ஜ் பெர்னாண்டஸ் வீழ்த்தினார். அதுல்யா கோஷும் தோற்றார். பிரதமரைத் தேர்ந்தெடுத்தவர்களைச் சாதாரண வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இறுதிச் சுற்று 1969-ல் வந்தது. குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மே மாதம் இறந்தார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ், சிண்டிகேட்டின் விருப்பப்படி சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. இந்திரா காந்தி சில நாட்களில் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையை எடுத்தார், ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார், மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். ரெட்டியை எதிர்த்து நின்ற வி.வி. கிரி வென்றார். நவம்பரில் நிஜலிங்கப்பா தலைமையிலான கட்சி பிரதமரையே நீக்கியது, காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. 1971 தேர்தலில் இந்திராவின் காங்கிரஸ் 352 இடங்களைப் பிடிக்க, பழைய காங்கிரஸுக்குக் கிடைத்தவை 16.

திருப்பதியில் கூடிய நால்வரில் சஞ்சீவ ரெட்டி மட்டும் 1977-ல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். மற்ற மூவரின் அதிகாரம் மீளவே இல்லை. நம்பிக்கையை முதலாகக் கொண்ட நடுவருக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை இது காட்டுகிறது. அவர் கொண்டுவந்து அமர்த்தியவர் அவரைத் தாண்டி நேரே மக்களிடம் போய்விட்டால், அதன்பின் அவரிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. இந்திரா செய்தது அதுதான். அதில் இன்னொரு இழப்பும் சேர்ந்தே வந்தது. சிண்டிகேட்டை வென்ற இந்திரா, கட்சிக்குள் தேர்தல் முறையைப் பலப்படுத்தவில்லை. முன்பு நால்வர் கூடிச் செய்ததை அதன்பின் ஒரே வீட்டில் செய்தார்கள். மாநில முதல்வர்கள் தில்லியிலிருந்து வந்த உறையைப் பிரித்துப் பெயர் தெரிந்துகொண்ட காலம் தொடங்கியது.

ஜப்பான் காட்டும் கண்ணாடி

ஜப்பானில் இந்த அதிகாரம் அரசியலமைப்பின் வயதையொத்தது. 1889-ல் பிறந்த மெய்ஜி அரசியலமைப்பில் கென்ரோ என்ற மூத்த ஆலோசகர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் பேரரசருக்குப் பிரதமர் பெயரைச் சொன்னவர்கள் அவர்களே. கடைசி கென்ரோவான சயோன்ஜி 1940-ல் இறக்கும்வரை அந்த வழக்கம் நீடித்தது.

போருக்குப் பின் லிபரல் ஜனநாயகக் கட்சியின் கோஷ்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன. காகுயே தனாகா 1972 முதல் 1974 வரை பிரதமராக இருந்தார். 1976-ல் லாக்ஹீட் லஞ்ச வழக்கில் கைதானார், கட்சியிலிருந்தும் விலகினார். அதிகாரம் மட்டும் விலகவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்களைக் கொண்ட கோஷ்டி அவர் கையில் இருந்தது. ஒஹிரா, சுசுகி, நகசோனே என்று அடுத்தடுத்த பிரதமர்கள் அவர் தயவில் வந்தார்கள். 1983-ல் நீதிமன்றம் நான்கு ஆண்டு சிறை விதித்தது. அடுத்த இரண்டே மாதங்களில் நடந்த தேர்தலில் சொந்த ஊரான நீகாத்தா அவருக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளை அள்ளித் தந்தது. சாலையும் பாலமும் ரயிலும் கொண்டுவந்தவர் என்ற நன்றி அது. 1985-ல் அவருடைய தளபதி தகேஷிதா கோஷ்டிக்குள்ளேயே தனிக் குழு அமைத்தார். அதே மாதம் தனாகாவுக்குப் பக்கவாதம் வந்தது. எதிர்க்கட்சியாலும் நீதிமன்றத்தாலும் அசைக்க முடியாதவரைச் சொந்தக் கணக்குப்பிள்ளை அசைத்தார்.

தனாகாவின் வழியில் வந்த ஷின் கனெமாரு 1992-ல் ஒரு சரக்கு நிறுவனத்திடமிருந்து 50 கோடி யென் வாங்கியது வெளிப்பட்டுப் பதவி விலகினார். மறு ஆண்டு கைதானபோது தங்கக் கட்டிகள் பிடிபட்டன. அந்த ஆண்டே கட்சி முதல்முறையாக ஆட்சியை இழந்தது. பின்னர் தேர்தல் முறை மாற்றப்பட்டது, கட்சிகளுக்கு அரசு மானியம் வந்தது. ஆனாலும் 2000 ஏப்ரலில் பிரதமர் ஒபுச்சி மயங்கி விழுந்ததும், டோக்கியோவின் ஹோட்டல் அறை ஒன்றில் ஐந்து பேர் கூடி, தங்களில் ஒருவரான மோரியை அடுத்த பிரதமர் என்று முடிவு செய்தார்கள். கணக்கில் காட்டாத கோஷ்டி நிதி அம்பலமான பிறகே, 2024-ல் பெரும்பாலான கோஷ்டிகள் கலைக்கப்பட்டன.

இந்த நூறாண்டுக் கதையில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பும் ஊழல் வழக்கும் ஒரு மனிதரை வீழ்த்தலாம். இடம் காலியாகும்போது அடுத்தவர் வந்து உட்காருவார். தேர்ந்தெடுக்கும் முறை மாறாதவரை ஆள் மாற்றம் நோயைத் தீர்ப்பதில்லை.

சந்திரகிரி மருமகன்

மறுபடியும் சித்தூருக்கு வருவோம். திருப்பதிக்குப் பக்கத்தில் நாராவாரிப்பள்ளியில் 1950-ல் பிறந்தவர் நாரா சந்திரபாபு நாயுடு. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1978-ல் சந்திரகிரியில் காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஆனார், அஞ்சையா அமைச்சரவையில் இடம்பெற்றார். என்.டி. ராமராவின் மருமகனும் ஆனார். 1983 தேர்தல் வந்தது. புதிதாகக் கட்சி தொடங்கிய மாமனார் திருப்பதித் தொகுதியில் வென்றார். ஒட்டியிருந்த சந்திரகிரியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற மருமகன் தோற்றார். பிறகுதான் தெலுகு தேசத்துக்கு வந்தார்.

1984 ஆகஸ்டில் அவருக்கான தருணம் வந்தது. இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து அமெரிக்காவிலிருந்து திரும்பிய ராமராவை ஆளுநர் ராம்லால் பதவி நீக்கினார். நாதெண்ட்லா பாஸ்கர ராவ் முதல்வரானார். 160-க்கும் மேற்பட்ட எம்.எல்.ஏ.க்கள் கலையாமல் இருந்தால்தான் ராமராவ் திரும்ப முடியும். அவர்களைத் திரட்டிக் கட்டிக்காத்த வேலையில் நாயுடு முன்நின்றார். எம்.எல்.ஏ.க்களைத் தில்லிக்கு அழைத்துப்போய்க் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் முன் அணிவகுக்க வைத்தார்கள். பின்னர் ராமகிருஷ்ண ஹெக்டேயின் ஆட்சியில் இருந்த கர்நாடகத்தில், நந்தி மலை போன்ற இடங்களில், தங்க வைத்தார்கள். ஒரு மாதத்தில், செப்டம்பர் 16 அன்று, ராமராவ் மறுபடி முதல்வரானார். தமிழ் வாசகர்களுக்கு 2017-ன் கூவத்தூர் நினைவுக்கு வரும். எம்.எல்.ஏ.க்களைக் கூட்டாக வெளியூரில் தங்க வைக்கும் வழக்கத்துக்கு நந்தி மலை முக்கியமான முன்னோடி. அப்போது அது மக்கள் தீர்ப்பைக் காப்பாற்றுவதற்காக நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

அதே திறமை பதினோரு ஆண்டுகள் கழித்து வேறு திசையில் திரும்பியது. 1994-ல் தெலுகு தேசம் 200-க்கும் அதிகமான இடங்களில் வென்றது. நாயுடு நிதியமைச்சர். ராமராவின் இரண்டாம் மனைவி லட்சுமி பார்வதி கட்சியில் தலையிடுகிறார் என்ற மனக்குறை கட்சிக்குள் வளர்ந்தது. 1995 ஆகஸ்டில் எம்.எல்.ஏ.க்களில் பெரும்பாலோர் ஹைதராபாத் உசேன் சாகர் ஏரிக்கரையில் உள்ள வைஸ்ராய் ஹோட்டலில் கூடினார்கள். 1983-ல் எந்தச் சைதன்ய ரதத்தில் ஏறி மாநிலம் முழுக்க மக்களைத் திரட்டினாரோ அதே வண்டியில் ராமராவ் ஹோட்டல் முன் வந்து நின்றார், தன் எம்.எல்.ஏ.க்களைக் கூப்பிட்டார். அவர்கள் வரவில்லை. அவர் மீது செருப்புகள் வீசப்பட்டன. செப்டம்பர் 1 அன்று நாயுடு முதல்வரானார். 1996 ஜனவரி 18 அன்று ராமராவ் காலமானார்.

இந்த நிகழ்வைப் பற்றி இரண்டு வாதங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கட்சியை ஒரு குடும்ப உறுப்பினரின் பிடியிலிருந்து மீட்டோம், பெரும்பான்மை எம்.எல்.ஏ.க்கள் எங்களோடு இருந்தார்கள், சட்டமன்றத்தில் நிரூபித்தோம் என்பது ஒன்று. மக்கள் வாக்களித்தது ராமராவ் முகத்துக்காக, அந்தத் தீர்ப்பை ஹோட்டல் அறையில் மாற்ற எம்.எல்.ஏ.க்களுக்கு உரிமை இல்லை என்பது மற்றொன்று. நாடாளுமன்ற முறைப்படி முதல் வாதத்துக்கு வலு அதிகம். பெரும்பான்மை இழந்தவர் விலகத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெரும்பான்மையைக் கட்சி அலுவலகத்தில், உறுப்பினர் பதிவேட்டோடு, ரகசிய வாக்கெடுப்பில் கண்டிருந்தால் இரண்டாம் வாதத்துக்கே இடமிருந்திருக்காது. பூட்டிய கதவு சரியான முடிவையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். முப்பது ஆண்டுகளாகியும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

முதல்வரான பின் நாயுடு தில்லியிலும் நடுவரானார். 1996-ல் ஐக்கிய முன்னணியின் ஒருங்கிணைப்பாளர் அவர். வி.பி. சிங் மறுக்க, ஜோதி பாசுவை மார்க்சிஸ்ட் கட்சி அனுமதிக்காமல் போக, தேவ கௌடா பிரதமரானார். மறு ஆண்டு குஜ்ரால் வந்தார். இரண்டு முறையும் மூப்பனாரின் பெயர் அடிபட்டது தமிழ்நாட்டுக்கு நன்றாகவே நினைவிருக்கும். ஆந்திர பவன் தில்லியின் முக்கியமான முகவரியாக இருந்த காலம் அது. 2024-ல் 16 எம்.பி.க்களோடு அவர் மறுபடியும் தில்லிக் கணக்கில் இடம்பெற்றிருக்கிறார்.

இந்தக் கட்டத்தை நான் 1963-லிருந்து பிரித்துப் பார்க்கிறேன். கூட்டணியில் ஒரு கட்சித் தலைவர் பேரம் பேசும்போது அவர் கையில் இருப்பது வாக்காளர் கொடுத்த எண். எத்தனை இடம் என்று எல்லாருக்கும் தெரியும், அடுத்த தேர்தலில் அதைப் பறிக்கவும் முடியும். குப்பம் தொகுதி 1989 முதல் 2024 வரை எட்டு முறை தொடர்ந்து நாயுடுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் அந்த எல்லையோர மக்கள், வேண்டாம் என்றால் அவரை நிறுத்தியிருக்கலாம். திரைமறைவில் எண்ணிக்கையைத் திரட்டிய மனிதர், அதன்பின் முன்மேடைக்கு வந்து மக்களிடம் தன்னை ஒப்படைத்தார். 2004-லும் 2019-லும் ஆட்சியை இழந்தார், 2014-லும் 2024-லும் திரும்பப் பெற்றார். முன்மேடையில் நிற்பவருக்குத்தான் இப்படித் தோல்வியும் மீட்சியும் உண்டு.

கொடுக்கும் கை

மூன்றாவது முதலைப் பேசத் திருமலையைத் தவிர்க்க முடியாது. 1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைத்தது. தொண்ணூறு ஆண்டுகள் மகந்துகளின் கையில் இருந்தபின், 1933-ல் சென்னை மாகாணச் சட்டம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தை உருவாக்கியது. இன்று 1987-ன் ஆந்திரச் சட்டப்படி அறங்காவலர் குழுவை மாநில அரசு நியமிக்கிறது. தேவஸ்தானத்தின் ஓராண்டு வரவுசெலவு இப்போது 5,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

இந்தக் குழுவில் ஓரிடம் என்பது சம்பளமில்லாத பதவி. ஆனாலும் ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு, கர்நாடகம், மும்பை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தொழிலதிபர்களும் அரசியல்வாதிகளும் அதற்காக முயல்கிறார்கள். காரணம் பக்தி மட்டும் அல்ல. தரிசனம் ஏற்பாடு செய்து தர முடிந்தவரிடம் நீதித்துறை முதல் நிர்வாகம் வரை பல தரப்பினரும் உதவி கேட்டு வருவார்கள். வி.ஐ.பி. பிரேக் தரிசனத்துக்கு எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ கொடுக்கும் லெட்டர்பேடு கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலவச தரிசன வரிசையில் ஒருவர் பல மணி நேரம் காத்திருக்க, அந்தக் கடிதம் வைத்திருப்பவர் விடியலில் சந்நிதிக்கு அருகே போய்விடுகிறார். யாருக்குக் கடிதம், எதற்காக என்று எழுதிய கணக்கு பக்தர்களுக்குத் தெரியாது. தரகர்கள் அந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்கள். 2019-ல் ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை தந்தால் பிரேக் தரிசனம் என்று அறிவித்தபோது, தரகர்களை ஒழிப்பதும் அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. பணக்காரருக்குத் தனி வழி என்ற குறை அதில் உண்டு. ஆனால் விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

அரசியல் கணக்குக்கும் இந்தப் பதவிகளுக்கும் உள்ள நெருக்கத்துக்கு ஒரு நிகழ்ச்சி வரிசை. சித்தூர் எம்.பி.யாக 2004-ல் தெலுகு தேசம் சார்பில் வென்றவர் டி.கே. ஆதிகேசவலு நாயுடு. 2008 ஜூலை 22 அன்று மன்மோகன் சிங் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் கட்சிக் கட்டளையை மீறி அரசை ஆதரித்தார். அரசு 275-க்கு 256 என்று வென்றது. அதே ஆண்டில் மாநிலக் காங்கிரஸ் அரசு அவரைத் தேவஸ்தானத் தலைவராக்கியது. இரண்டுக்கும் இடையே பேரம் நடந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். நியமனத்துக்கு என்ன அளவுகோல் என்று அரசு விளக்க வேண்டிய கட்டாயம் இல்லாததே என் கவலை. 2021-ல் அறங்காவலர் குழுவோடு 52 சிறப்பு அழைப்பாளர்களை மாநில அரசு நியமித்தது. உயர்நீதிமன்றம் அந்த ஆணைகளை நிறுத்தி வைத்தது. எழுதிய சட்டம் இருந்ததால் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. கட்சிக்குள் நடப்பதற்கு அப்படி ஒரு வாசலே இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

1985-ன் கட்சித்தாவல் தடைச் சட்டமும் 2003-ன் திருத்தமும் தனித்தனி எம்.எல்.ஏ.க்கள் விலைபோவதைக் கடினமாக்கின. அதே சட்டம் கட்சித் தலைமையின் கையையும் பலப்படுத்தியது. கொறடாவுக்கு அஞ்சும் எம்.எல்.ஏ. தலைமையைக் கேள்வி கேட்பதில்லை. 1951-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளின் பதிவைப் பேசுகிறது. உள்கட்சித் தேர்தலை நடத்தவில்லை என்பதற்காகக் கட்சியின் பதிவை நீக்கும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை. 1999-ல் சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில் உள்கட்சி ஜனநாயகத்தைச் சட்டத்தில் கொண்டுவரச் சொன்னது. எந்த அரசும் அதைத் தொடவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது, கொடுக்கும் கையின் மீது கொஞ்சம் வெளிச்சம் பட்டது. தேர்ந்தெடுக்கும் கை இன்னும் இருட்டில்தான் இருக்கிறது.

திரைமறைவுப் பேச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கட்சியிலும் நாலு பேர் தனியே கூடிப் பேசத்தான் செய்வார்கள். 1964-ல் அந்தப் பேச்சு நாட்டை ஒரு பதற்றத்திலிருந்து காத்தது. ஆனால் அது பலித்தது காமராஜர் என்ற மனிதரின் தன்னலமின்மையால். அப்படி ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் கிடைப்பார் என்று நம்பி ஒரு நாடு தன் ஆட்சியை ஒப்படைக்க முடியாது. அதே முறை கனெமாருவின் கையில் தங்கக் கட்டியாக மாறியதை ஜப்பான் பார்த்துவிட்டது.

என் முடிவு இது. பேச்சு எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், தீர்ப்பு வாக்குப்பெட்டியில் எழுதப்பட வேண்டும். சட்டமன்றக் கட்சித் தலைவரை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்து எண்ணிக்கையை வெளியிட வேண்டும். உள்கட்சித் தேர்தலைத் தேர்தல் ஆணையத்தின் மேற்பார்வையில் நடத்தச் சட்டம் வர வேண்டும். தேவஸ்தானம் போன்ற அமைப்புகளுக்கு நியமிக்கும்போது தகுதியையும் காரணத்தையும் அரசாணையிலேயே எழுத வேண்டும். இவற்றைக் கட்சிகள் தாமாகச் செய்யா. அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களை யார், எப்போது கூடி, எத்தனை வாக்கில் தேர்ந்தெடுத்தார்கள்? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.